ஒரு கைச் சீனியும் 500 வெள்ளியும்



இரயில் வண்டியில் உண்ணலாகாது என்னும் விதியைப் பற்றி இன்று எழுதப் புகுகின்றேன். “வேலைக்கும் வீட்டுக்கும் வழியின்றி நம் மக்கள் தவித்துக் கிடக்க, இவருக்கு வண்டியில் மிட்டாய் தின்பதோ பெரிய பிரச்சினை?” என்று நகைப்போர் இருப்பர். நகைக்கட்டும். பெரிய சட்டங்களைப் பற்றிப் பேசப் பெரிய மனிதர் பலர் உளர். ஏழையின் உயிருக்கு என்ன மதிப்பு என்பதைக் காண வேண்டுமானால், சுவரிலும் கதவிலும் ஒட்டிவைத்த சிறிய பலகைகளைத்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

அண்மையில் ஒரு பிற்பகலில் நான் கண்டதை முதலிற் சொல்லிவிடுகின்றேன். எந்த ஊர் வண்டி என்பது இங்கு வேண்டுவதில்லை. ஜோகூர்க் கடலிடுக்கின் இக்கரையிலும் அக்கரையிலும் இவ்விஷயத்தில் விதி ஒன்றே. எனக்கெதிரே நம் இனத்து அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்து, தோட்டம் கைமாறியபின் பட்டணத்துக்கு வந்து மாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலையிற் புகுந்தவர் என்பது பின்னர் அவர் வாயால் அறிந்தது. வண்டியினுள்ளே பற்கள் கிட்டும்படியான குளிர். அவர் நெற்றியிலோ வியர்வை பெருகிக்கொண்டிருந்தது. கைகள் நடுங்கின. வலக்கையை இறுக மூடிக்கொண்டு, கதவருகே ஒட்டியிருந்த அறிவிப்பையே வெறித்து நோக்கியிருந்தார்.

“உடம்புக்கு என்ன, அம்மா?” என்று வினவினேன். மூடிய கையைத் திறந்து காட்டினார். தாளிற் சுற்றிய மிட்டாய் ஒன்று. “இனிப்புநீருங்க, அண்ணே. ஊசி போட்டிருக்கேன். வேலை முடிய நேரமாயிருச்சு, சாப்பிடல. இத வாயில போட்டா சரியாயிரும். ஆனா போர்டு போட்டிருக்காங்களே; அபராதம் கட்ட நான் எங்க போவேன்?” என்றார். இதற்குள் பக்கத்து ஆசனத்து இளைஞர் ஒருவர், அவரும் தமிழரே, தம் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க ஆயத்தமானார். குற்றம் இன்னும் நடக்கவில்லை, சாட்சி தயாராகிவிட்டார்!

“அபராதம் வந்தால் என்னுடையது, நீங்கள் தின்னுங்கள்” என்று தாளை உரித்துக் கொடுத்தேன். அவர் பையில் இன்னும் மூன்று இருந்தன. நான்கையும் தின்றார். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிற்று, பேச்சுத் தெளிந்தது. அன்று அவ்வண்டியில் விதி மீறப்பட்டது. மீறச் செய்தவன் நான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. நோய் கண்ட ஒருவர், கையில் மருந்தை வைத்துக்கொண்டு, அதை உண்ண அஞ்சி மயக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறதே, அதற்கு யார் வெட்கப்படுவது?

தடையின் நியாயம்

எதிர்க் கட்சியின் நியாயத்தை மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று. சிங்கப்பூரில் பெருவிரைவு இரயில் 1987-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரையில் 5 நிலையங்களுக்கிடையே ஓடத் தொடங்கிற்று. அந்த இரயிலில் வண்டிக்குள் மட்டுமன்று, நிலையத்துக்குள்ளும் உண்பதும் பருகுவதும் குற்றம். 500 வெள்ளி வரையில் அபராதம். கோலாலம்பூரின் நகர இரயில்களிலும் உணவுக்கும் பானத்துக்கும் தடை உண்டு.

இத்தடையால் நன்மை விளைந்ததா? விளைந்தது. எலியும் கரப்பானும் எச்சில் உணவைத் தேடியே வருவன. சிந்திய பானத்தில் முதியோர் வழுக்கி விழுவர். நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் ஒருவர் கையிலுள்ள சூடான கோப்பி அடுத்தவர் பிள்ளையின் தலையில் கொட்டும். வெற்றிலைச் சாற்றையும் கச்சான் தோலையும் பொதுவிடத்தில் துப்பும் பழக்கம் நம்மவரிடையே இருந்ததையும் மறப்பதற்கில்லை. சுத்தமான வண்டி ஏழைக்குக் கிடைத்த ஒரு மரியாதை. ஆதலின் தடையை எடுத்துவிடுக என்று நாம் கேட்கவில்லை. நாசி லெமாக் பொட்டலத்தை விரித்து வைத்து விருந்துண்ண எவருக்கும் உரிமை வேண்டுமென்றும் வாதாடவில்லை.

நாம் கேட்பது வேறு. பசிக்கு உண்பதும் உயிருக்கு உண்பதும் ஒன்றா? நாவின் ருசிக்குத் தின்பவனையும், அடுத்த கால் மணியில் அறிவிழக்கப் போகிறவளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நீதியா? இதற்கு விடை காண நோயின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும்.

நோயின் இயல்பு

நீரிழிவு, மதுமேகம், இனிப்புநீர் என்று பல பெயரால் வழங்கும் இந்நோயைப் பற்றி நம் மக்கள் அறிந்தது பாதி. “சீனி கூடினால் கெடுதி” என்பது அப்பாதி. “சீனி குறைந்தால் அதைவிட விரைவான கெடுதி” என்பது அறியாத மறுபாதி.

சீனி கூடுவது ஆண்டுக் கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரிக்கும். சீனி குறைவதோ நிமிஷக் கணக்கில் ஆளை வீழ்த்தும். நம் மூளை இயங்குவதற்கு இரத்தத்திலுள்ள சீனியே முதன்மையான எரிபொருள். அதைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் மூளைக்கு இல்லை. இன்சுலின் ஊசி இட்டுக்கொள்வோருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை உண்போருக்கும், மருந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். சாப்பாடு வந்ததா, வேலை முடிந்ததா என்று அது கேட்பதில்லை. உணவு தாமதித்தாலும், உடலுழைப்பு மிகுந்தாலும் இரத்தச் சீனி சரியும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவியில் 4-க்குக் கீழே எண் காட்டுமானால் உடனே பரிகாரம் வேண்டும் என்பது வைத்திய நூலார் கண்ட முடிபு. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடும்பசி முதலில் தோன்றும். பின்னர்ப் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், காண்போர் “கள்ளுக்கடையிலிருந்து வருகிறான்” என்று முகஞ்சுளிப்பர். அதற்கும் பின்னர் வலிப்பு, மயக்கம். கவனிப்பாரின்றேல் மரணமும் நேரலாம்.

இதற்குப் பரிகாரம் என்ன? மலைமேல் விளையும் மூலிகையா? அன்று. சுமார் 15 கிராம் சீனி. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்தாற் போதும். அல்லது அரைக் கோப்பைப் பழச்சாறு. அல்லது மூன்று நான்கு மிட்டாய். 15 நிமிஷங் கழித்து மறுபடி சோதித்து, எண் ஏறவில்லையென்றால் மீண்டும் அவ்வளவே கொடுத்தல் வேண்டும். கடையில் 1 வெள்ளிக்கும் குறைவான பொருள் ஓர் உயிரைக் காக்கிறது. வீட்டில் பகைவனாயிருந்த சீனி அந்நிமிஷத்தில் மருந்தாகிவிடுகிறது. நம் விதி எழுதியோர் அதை “உணவு” என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். இங்குதான் தவறு தொடங்குகிறது.

இன்சுலினின் வரலாற்றையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரிற் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் மக்ளியோடு என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இம்மருந்தின் வழியைக் கண்டனர். கோலிப் என்பார் அதைத் தூய்மைப்படுத்த உதவினார். 1922 ஜனவரியில், சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது; பிழைத்தான். கோடி கோடியாகப் பொருள் ஈட்டியிருக்கக்கூடிய அம்மருந்தின் காப்புரிமையை, கண்டவர்கள் தலைக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். மருந்தைக் கண்டவர் 1 டாலருக்குக் கொடுத்தார். அம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும் ஒரு கைச் சீனிக்கு நாம் 500 வெள்ளி விலை கட்டியிருக்கின்றோம்!

இது யாரோ சிலருக்கு வரும் அபூர்வ நோய் என்று எண்ணவேண்டா. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 11.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரில் மட்டும் நூற்றுக்கு 17.2. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 17.5, இந்தியரில் 22.1. இவர்கள் எல்லோரும் ஊசி போடுவோர் அல்லர். மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்றையே உண்போருக்குச் சீனி திடீரென்று சரிவது அரிது. ஆயினும் ஊசிக்கும் மேற்சொன்ன மாத்திரைகளுக்கும் உட்பட்டோர் நம் தெருவில் ஒருவரேனும் இல்லாமற் போகார். இதனை வாசிக்கும் நேயர் தம் வீட்டையே எண்ணிப் பார்க்கட்டும்.

சொல்லப்படும் சமாதானங்கள்

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

“அடுத்த நிலையத்தில் இறங்கித் தின்னலாமே” என்பது முதல் வாதம். இறங்கினாலும் தடை இறங்குவதில்லை. நிலையம் முழுவதும் அவ்விதிக்குள்ளேயே இருக்கிறது. தலை சுற்றிக் கால் தள்ளாடும் ஒருவர், நகரும் படிக்கட்டில் ஏறி, வாயிலைத் தேடி, அட்டையைத் தட்டி வெளியேறி, பிறகு மிட்டாயைப் பிரிக்கவேண்டுமாம்! அதுவும் வண்டி ஓடினால்தான். 2011 டிசம்பர் 15-ஆம் நாள் மாலை சிங்கப்பூரின் வடக்கு-தெற்குப் பாதையில் வண்டிகள் சுரங்கத்தினுள்ளே நின்றுபோயின. விளக்கும் காற்றும் குன்றிய பெட்டிகளிற் பிரயாணிகள் அடைபட்டுக் கிடந்தனர். காற்றுக்காக ஒரு பெட்டியின் சன்னற் கண்ணாடி உடைக்கப்பட்டது. 2015 ஜூலை 7-ஆம் நாள் மாலை இரண்டு பெரும் பாதைகள் ஒருங்கே நின்று, 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வழியில் தவித்தனர். அத்தகைய மாலைகளில் “அடுத்த நிலையம்” எங்கே இருந்தது? ஊசி மருந்து இரத்தத்தில் ஓடுவதை நிறுத்தி வைக்கும் சமிக்ஞை விளக்கு எதையேனும் எவரேனும் கண்டுபிடித்திருக்கின்றனரா?

“ஏறுமுன்பே தின்றுவிட்டு வரவேண்டியதுதானே” என்பது இரண்டாம் வாதம். தன் நேரத்துக்குத் தானே எஜமானனாயிருப்பவன் பேசும் பேச்சு இது. காவல் வேலையிலும் கூட்டும் வேலையிலும் இருப்போருக்கு மாற்று ஆள் வந்தபின்தான் விடுதலை. மேற்பார்வையாளர் “இன்னும் ஒரு மாடி” என்றால் அரை மணி போயிற்று. தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தினால் என்ன நடக்கும் என்று அறிந்த நம் மக்களுக்கு, பட்டணத்தில் பேருந்துக்குப் பிந்தினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஓடி வந்து வண்டியைப் பிடிக்கிறார்கள். அந்த ஓட்டமே சீனியைக் குறைக்கிறது.

“மெய்யான நோயாளியை எந்த ஊழியரும் தண்டிக்கமாட்டார்; நிலைமையைக் கண்டு விட்டுவிடுவார்” என்பது மூன்றாம் வாதம். இதுவே எல்லாவற்றினும் நயமானது. ஆகையால் எல்லாவற்றினும் ஆபத்தானது. ஊழியர்களில் இரக்கமுள்ளோர் பலர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின் அவ்விரக்கம் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது, பலகையில் இல்லை. நோயாளி படிப்பது பலகையை. நான் கண்ட அம்மையாரை எந்த ஊழியரும் தடுக்கவில்லை; அங்கு ஊழியரே இல்லை. பலகை ஒன்றே அவர் கையைக் கட்டிப் போட்டது. மேலும், தயவு என்பது கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. இன்று கொடுப்பான், நாளை மறுப்பான். ஆங்கிலம் நன்கு பேசுபவருக்கு ஒரு மாதிரியும், திக்கித் திணறும் தோட்டத்துக் கிழவிக்கு வேறு மாதிரியும் கிடைப்பது தயவு. துரையின் தயவிலும் கிராணியின் தயவிலும் நூறாண்டு வாழ்ந்தவர் நாம். தயவு என்னும் சொல்லின் விலையை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

விதியிலே விலக்கு எழுதாவிட்டால் என்னவாகும் என்பதற்குக் கடல் கடந்த ஓர் உதாரணம் காட்டுகின்றேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் சுரங்க இரயிலில் உண்ணத் தடை உண்டு. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி நிலையத்துக்குள்ளே பொரித்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைத் தின்றாள். விலங்கு மாட்டிக் கைது செய்தனர். வயது வந்தவராயிருந்தால் அபராதச் சீட்டோடு போயிருக்கும். சிறுவருக்குச் சீட்டுக் கொடுக்க அங்கே அன்று வழியில்லாமையால் கைது ஒன்றே எஞ்சிற்று! வழக்குத் தொடர்ந்தனர். 2004-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடந்தது எவருக்கும் மகிழ்ச்சி தருவதன்று எனினும் அரசியல் சட்டத்துக்கு விரோதமன்று என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய ஜான் ராபர்ட்ஸ் மறு ஆண்டே அந்நாட்டின் தலைமை நீதிபதியானார். அச்சிறுமி நோயாளியல்லள், அவ்வழக்கு நீரிழிவைப் பற்றியதுமன்று. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது. எழுத்தில் இல்லாத இரக்கத்தைக் காவலனிடமும் எதிர்பார்க்கமுடியாது, நீதிபதியிடமும் எதிர்பார்க்கமுடியாது. அந்நகரத்தார் பின்னர்த் தங்கள் முறையை மாற்றிக்கொண்டனர். ஒரு குழந்தையின் கையில் விலங்கு ஏறியபின் மாற்றினர். நாம் எந்த நோயாளி விழும்வரை காத்திருக்கப் போகிறோம்?

“விலக்குக் கொடுத்தால் எல்லோரும் நோயாளி என்று பொய் சொல்வார்கள்” என்பது நான்காம் வாதம். பொய்யர் சிலர் இருப்பர். ஒரு பொய்யன் ஒரு மிட்டாயைத் தின்றுவிட்டுப் போவதால் வண்டிக்கு வரும் நட்டம் என்ன? ஒரு மெய்யன் தின்னாமல் மயங்கி விழுந்தால் வரும் நட்டம் என்ன? இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கத் தெரியாதவர் விதி எழுதப் புகலாகாது. தாளிற் சுற்றிய மிட்டாயும் சீனி வில்லையும் மூடியிட்ட சிறு பானமும் எலியைக் கூப்பிடுவனவல்ல. உண்டவர் அந்தத் தாளைத் தம் பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்கிறோம்.

விலக்கு புதிதன்று

“விதி என்றால் விதி; அதில் ஓட்டை போடலாகாது” என்று முறுக்கிக்கொள்வோருக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகின்றேன்.

சிங்கப்பூரின் பெயரை உலகெங்கும் பரப்பிய தடை சூயிங்கத் தடை. இரயில் கதவுகளில் ஒட்டப்பட்ட சவ்வுமிட்டாய் கதவுகளையே கெடுத்து வண்டிகளை நிறுத்திற்று என்பதும் அதற்கு ஒரு காரணம். 1992 ஜனவரியில் அத்தடை வந்தது. அவ்வளவு கடுமையான தடையிலும் 2004-ஆம் ஆண்டில் மருத்துவ விலக்கு எழுதப்பட்டது. புகைப்பழக்கத்தை விடுவோருக்கும் பல்நோய்க்காரருக்கும் உரிய சூயிங்கத்தை மருந்தாளரும் பல் வைத்தியரும் விற்கலாம் என்றாயிற்று. நாடு கவிழ்ந்ததா? கதவுகள் ஒட்டிக்கொண்டனவா? சிகரெட்டை விட முயல்பவனுக்காகச் சட்டம் வளைந்து கொடுத்தது, நன்று. நாள்தோறும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் தாய்க்காக ஒரு வரி எழுத அச்சட்டத்தின் பேனாவில் மை இல்லையா?

இரண்டாவது, இரயிலிலேயே நடப்பது. நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் வேளை வண்டியில் செல்லும் முஸ்லிம் சகோதரர்கள் சிறிது தண்ணீரும் பேரீச்சம்பழமும் உட்கொள்ளலாம் என்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் போக்குவரத்து நிறுவனங்கள் அறிவித்து வந்துள்ளன. மிக நல்ல காரியம். மனிதனுக்காக விதி என்பதை உணர்ந்தவர் செய்யும் காரியம். அதனால் வண்டி நாறிப்போயிற்று என்று ஒருவரும் முறையிட நான் கேட்டதில்லை. அதே பேரீச்சம்பழம், அதே வண்டியில், சீனி குறைந்து நடுங்கும் ஒருவர் கையில் இருந்தால் மட்டும் குற்றமாகிவிடுமா? நோன்புக்காகத் திறந்த கதவை நோய்க்காகவும் திறந்துவிடுங்கள் என்றே கேட்கின்றோம்.

யாருக்கு இச்சட்டம்?

இன்னொன்றும் கவனியுங்கள். இச்சட்டம் எல்லோருக்கும் பொது என்கின்றனர். மெய்யாகவே பொதுவா? முதலாளிக்கும் நீரிழிவு வருகிறது. அவர் தம் மோட்டார் வண்டியில் ஏறிச் செல்லும்போது சீனி குறைந்தால், ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெட்டியைத் திறந்து, பழச்சாறும் பிஸ்கோத்தும் உண்டு, சாய்ந்து இளைப்பாறுகிறார். எந்தப் பலகையும் அவரை முறைத்துப் பார்ப்பதில்லை. எவரும் படம் பிடிப்பதில்லை. இரயிலிலும் பஸ்ஸிலும் செல்வது நம் கூட்டம். அவருக்கு 500 வெள்ளி ஒரு வேளை விருந்துச் செலவு. நமக்கு வாடகையும் அரிசியும். எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான சட்டம், நடப்பிலே வண்டி வைத்திராதவன் தலையில் மாத்திரம் விழுகிறது.

சிங்கப்பூர்ச் சர்க்கார் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீரிழிவின்மேல் போர் தொடுப்பதாகவே பிரகடனம் செய்தது. போரை வரவேற்கின்றோம். சீனி குறைந்த பானங்களைப் பருகுமாறு சொல்வதும், நடக்குமாறு சொல்வதும், மருந்தைத் தவறாது உட்கொள்ளுமாறு சொல்வதும் நன்றே. சொன்னபடி மருந்தை உட்கொண்டவர்தாமே இன்று வண்டியில் நடுங்குகிறார்? மருந்தைப் போடு என்று ஒரு இலாகா சொல்ல, அம்மருந்தின் விளைவை மாற்றிக்கொள்ளாதே என்று மற்றோர் இலாகாவின் பலகை சொல்லுமானால், நடுவில் அகப்பட்டவர் யார் பேச்சைக் கேட்பது?

நம் பக்கத்துக் குற்றம்

சர்க்காரையும் நிறுவனங்களையும் குறை கூறிவிட்டு நம்மை நாமே மெச்சிக்கொள்வது சீர்திருத்தக்காரர் செயலன்று. நம் பக்கத்துக் குற்றமும் உண்டு, சிறிதன்று.

முதலாவது, நோயை மறைத்தல். “சீனி என்று வெளியிலே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்கு வேலை நிலைக்காது” என்று ஒளித்து வைக்கிறோம். ஊசி போடுவதைக் கணவனுக்கும் தெரியாமற் குளியலறையில் போட்டுக்கொள்ளும் பெண்கள் உளர். நோயுண்டென்று சொல்லவே நாணுகின்றவர், நோய்க்குரிய உரிமையை எப்படிக் கேட்பார்? இது முற்பிறவி வினையுமன்று, தெய்வ தண்டனையுமன்று. உடலில் ஒரு சுரப்பின் குறை. கண்ணுக்குக் கண்ணாடி அணிவது போல இதற்கு ஊசி. கண்ணாடியை ஒளிப்பார் உண்டோ?

இரண்டாவது, விரதம். ஊசி போடுவோர் வைத்தியரைக் கேளாமல் நாள் முழுதும் பட்டினி கிடந்து, வெயிலில் நடந்து, நெரிசல் வண்டியில் ஏறித் திருவிழாவுக்குப் போவதைப் பத்தி என்று புகழ்கின்றோம். அவர் மயங்கி விழுந்தால் “அருள் வந்தது” என்று கற்பூரங் காட்டவும் ஆள் இருக்கிறது! அங்கே வேண்டுவது கற்பூரமன்று; சீனித் தண்ணீர். அறிவிழந்து கிடப்பவர் வாயிலோ அதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலிற் புகுந்து கொல்லும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே அவசர வண்டியை அழைப்பதே செய்யத்தக்கது. இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அந்த இளைஞர். படம் பிடித்து ஊரெல்லாம் காட்டி ஒருவரை நாணச் செய்வதைப் பொதுத் தொண்டு என்று எண்ணும் புதுப் பழக்கம் நம் பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது. கைத்தொலைபேசியை உயர்த்துமுன் வாயைத் திறந்து “உடம்புக்கு என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அவ்விளைஞரிடம் நான் அதைத்தான் கேட்டேன். அவர் நல்லவரே, முகஞ்சிவந்து, “தெரியாமற் போயிற்று, ஐயா. என் அப்பாவுக்கும் இனிப்புநீர்தான்” என்றார். தெரியாமற் போவதற்குக் காரணம் யார்? அவர் தந்தையும் வீட்டில் மறைத்தே வைத்திருப்பார். பலகையும் மறைத்தே வைத்திருக்கிறது.

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறிது. தடை இருக்கட்டும், அபராதமும் இருக்கட்டும். அத்தடையின் கீழே, எத்தனை மொழியில் பலகை எழுதப்படுகிறதோ அத்தனை மொழியிலும், “மருத்துவக் காரணத்துக்காக உண்பதும் பருகுவதும் குற்றமன்று” என்று ஒரு வரி சேருங்கள். அவ்வரியை விதிப் புத்தகத்திலும் ஏற்றுங்கள். சான்றிதழ் காட்டு, அட்டை காட்டு என்று நடுங்குகிறவரை அப்போது வாட்டாதீர்கள். ஐயம் உண்டானால் அவர் தேறிய பிறகு கேளுங்கள். நிலைய ஊழியர் ஒவ்வொருவருக்கும் சீனி குறைந்தோரின் அடையாளங்களைக் கற்பியுங்கள். நிலைய அலுவலகத்தில் சிறிது சீனியும் தண்ணீரும் வைத்திருங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு, பலகைக்கு மறுபடி வர்ணம் பூசும் செலவைவிட மிகுதியாகாது.

நம் சங்கங்களும், தொழிலாளர் யூனியன்களும், கோயிற் கமிட்டிகளும், வாசகசாலைகளும் இப்பொருளில் ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். ஆண்டு விழாவுக்கு மாலை வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு தபால் தலைக்குப் போதும். நீரிழிவுள்ளோர், ஊசி போடுகிறவர் என்று எழுதிய சீட்டு ஒன்றையும் நான்கு மிட்டாயையும் எப்போதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருக்கட்டும். மறைக்கவேண்டா.

அவ்வரி பலகையில் ஏறும் வரையில் என்ன செய்வது என்று அம்மையார் என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கின்றேன். நடுக்கம் கண்டால் பலகையைப் பாராதீர்கள், தின்னுங்கள். பக்கத்திலிருப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். பக்கத்திலிருப்பவர் தமிழராயிருந்தாலும், மலாய்க்காரராயிருந்தாலும், சீனராயிருந்தாலும், எழுந்து உங்கள் பக்கம் நிற்பார் என்றே நம்புகின்றேன். அபராதச் சீட்டு வருமானால் அதை எடுத்துக்கொண்டு நம் சங்கத்துக்கு வாருங்கள். அதை நாம் ஒரு முறை பொதுமன்றத்தில் கேட்டே தீர்ப்போம்.